வாசகர் கேள்வி – பதில்: இண்டக்‌ஷன் அடுப்பா, சிலிண்டரா? செலவுக் கணக்கு

இண்டக்‌ஷன் அடுப்பில் சமைத்தால் செலவு குறையுமா என்று கேட்டு வந்த கடிதங்கள் பல. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். கணக்குகள் அனைத்துக்கும் இரண்டு விலைகளே அடிப்படை. ஒன்று, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்ந்த பிறகு சென்னையில் 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டருக்கு இருந்த 868.50 ரூபாய். மற்றொன்று, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, 2025 ஜூலை உயர்வைத் தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொண்டதால் வீடுகளுக்கு மாறாமல் தொடர்ந்த மின்கட்டணம். விலை மாறும்போது புதிய எண்ணை இட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளும்படி வழிமுறையையும் சொல்லியிருக்கிறோம்.

வாசகி, மதுரை: வீட்டில் நானும் கணவரும் மட்டுமே இருக்கிறோம். ஒரு சிலிண்டர் சரியாக இரண்டு மாதம் வருகிறது. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டுக்குள்தான் ஓடும். இண்டக்‌ஷனுக்கு மாறினால் செலவு பாதியாகக் குறையும் என்கிறார் என் தங்கை. கரண்ட் பில் எகிறிவிடும் என்கிறார் எதிர்வீட்டு அம்மா. யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் அவரவர் வீட்டில் கண்டதாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மின்கட்டணக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் சிலிண்டரை யூனிட்டாக மாற்றிக்கொள்வோம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது, இது 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அப்படியானால் 14.2 கிலோவில் இருப்பது சுமார் 181 யூனிட் வெப்பம். ஆனால் அடுப்பில் எரியும் வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. வீட்டு எரிவாயு அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் விதி. அது சோதனைக்கூடத்தில், தீக்கு ஏற்ற அளவுள்ள பாத்திரத்தை வைத்துப் பார்க்கும் அளவு. சிறிய பாத்திரத்தின் பக்கவாட்டில் தீ ஏறுவதும், மூடி போடாமல் கொதிக்கவிடுவதும் நம் வீடுகளில் வழக்கம் என்பதால் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 85, 90 என்றெல்லாம் விளம்பரங்கள் சொன்னாலும் நான் 80 சதவீதத்தையே எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கின்படி ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு செய்ய ஏறக்குறைய 135 யூனிட் தேவைப்படும்.

இந்த 135 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் விலையை இதனால் வகுத்தால் வருவது உங்கள் வரம்பு விலை. 868.50 ரூபாயை வகுத்தால் 6.43 ரூபாய். கூடுதலாக ஓடும் யூனிட்டுக்கு இதைவிடக் குறைவாகக் கட்டணம் செலுத்துபவருக்கு இண்டக்‌ஷன் லாபம். அதிகமாகச் செலுத்துபவருக்கு எரிவாயு லாபம். 2023 மார்ச்சில் இதே சிலிண்டர் சென்னையில் 1,118.50 ரூபாய்க்கு விற்றது. அப்போது வரம்பு 8.29 ரூபாயாக இருந்தது. அன்று இண்டக்‌ஷனுக்கு மாறி லாபம் பார்த்தவர் சொன்ன கணக்கு இன்றைக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன 2024 ஜூலை மின்கட்டணம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். நீங்கள் இப்போது 180 யூனிட்டுக்கு 188 ரூபாய் கட்டுகிறீர்கள். இதை 180 ஆல் வகுத்து, யூனிட்டுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தானே ஆகிறது, 135 யூனிட்டுக்கு 141 ரூபாய் போதும் என்று கணக்கிடுபவர்கள் பலர். செலவு பாதியாகும், கால்வாசியாகும் என்ற பேச்சு கிளம்புவது இங்கேதான். புதிதாகச் சேரும் யூனிட்டுகள் இப்போதைய 180க்கு மேலேதான் போய் உட்காரும். 315 யூனிட்டுக்கு உங்கள் கட்டணம் 775.50 ரூபாய் ஆகும். அதாவது கூடுதல் செலவு 587.50 ரூபாய். மிச்சமாகும் சிலிண்டரின் விலை 868.50 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 281 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய் உங்களுக்கு மிஞ்சும். பாதியாகக் குறையாது, மூன்றில் ஒரு பங்கு குறையும். அடுப்பும் அதற்கேற்ற குக்கரும் வாங்க 4,500 ரூபாய் ஆகிறது என்றால் அந்தப் பணம் திரும்பி வர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

வாசகர், வேளச்சேரி, சென்னை: எங்கள் வீட்டில் ஐந்து பேர். சிலிண்டர் 40 நாள்தான் வருகிறது என்பதால் கோடையில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி முழுச் சமையலையும் அதிலேயே செய்தோம். அதுவரை 480 யூனிட் அளவில் இருந்த மின்கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிட்டது. மீட்டரில் கோளாறு இருக்குமோ என்று சந்தேகிக்கிறோம்.

பதில்: உங்கள் மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்க வேண்டும். 40 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டர். அதற்கு ஈடாகச் சுமார் 200 யூனிட். 480 யூனிட்டுக்கு 1,679 ரூபாய் கட்டிவந்த நீங்கள் 680 யூனிட்டுக்கு 3,636 ரூபாய் கட்ட வேண்டும். கூடுதல் 1,957 ரூபாய். ஒன்றரை சிலிண்டரின் விலையோ 1,302.75 ரூபாய்தான். ஆக, 650 ரூபாய்க்கு மேல் நட்டம்.

இது எப்படி நேர்ந்தது என்று பார்ப்போம். 500 யூனிட்டைத் தாண்டியதும் 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 ரூபாய், 601 முதல் 800 வரை 9.45 ரூபாய் என்று கட்டணம் ஏறுகிறது. இரண்டுமே மேலே சொன்ன 6.43 என்ற வரம்பைத் தாண்டியவை. அதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.35 ரூபாய்ச் சலுகை விலகி, அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 ரூபாய் கணக்கிடப்படுகிறது. சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய் கட்டும் வீடு, 501 யூனிட் ஓடினால் 2,048.40 ரூபாய் கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். தமிழ்நாட்டில் வீட்டு மின்செலவைத் திட்டமிடும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இந்த 500தான் என்பது என் உறுதியான கருத்து.

அடுப்பை விற்றுவிட வேண்டாம். ஏ.சி. ஓடாத மார்கழி, தை மாதங்களில் உங்கள் வீட்டில் 260 யூனிட் மட்டுமே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கட்டணம் 517 ரூபாய். அதோடு 200 யூனிட் சேர்ந்து 460 ஆனாலும் 1,553 ரூபாய்தான் வரும். கூடுதல் 1,036 ரூபாய். மிச்சமாகும் எரிவாயு 1,302.75 ரூபாய். அதே அடுப்பு, அதே சமையல், அதே குடும்பம்; கோடையில் 650 ரூபாய் நட்டம் தந்தது குளிர்காலத்தில் 266 ரூபாய் லாபம் தருகிறது. ஆகவே மின்கணக்கீடு எடுத்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழிந்ததும் மீட்டரைப் பாருங்கள். அதுவரை 230 யூனிட்டுக்குள் ஓடியிருந்தால் சமையலின் ஒரு பகுதியை இண்டக்‌ஷனில் தொடரலாம். 250ஐத் தாண்டியிருந்தால் அந்தச் சுற்று முடியும்வரை எரிவாயுவிலேயே சமையுங்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: அடுப்பில் 2,000 வாட் என்று போட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் என்றால் நாளுக்கு மூன்று மணி நேரச் சமையலுக்கு 6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் ஆகுமே? நீங்கள் சொல்லும் கணக்கு மிகக் குறைவாக இருக்கிறதே?

பதில்: 2,000 வாட் என்பது அந்த அடுப்பு இழுக்கக்கூடிய உச்ச அளவு. குக்கர் ஆவி கட்டும்வரை சில நிமிடங்கள் அந்த அளவில் ஓடும். விசில் வரத் தொடங்கியதும் நீங்களே 600, 800 வாட்டுக்குக் குறைப்பீர்கள். விலை குறைந்த பல அடுப்புகள் குறைந்த அளவில் தொடர்ந்து ஓடாமல் சில நொடிகள் நின்று, சில நொடிகள் ஓடும். நிற்கும் நேரத்தில் சமையலுக்கென மின்சாரம் இழுப்பதில்லை. காய் நறுக்கும் நேரமும் மாவு பிசையும் நேரமும் சமையல் நேரம்தான் என்றாலும் அடுப்பு எரியும் நேரம் அல்ல. 45 நாளுக்கு ஒரு சிலிண்டர் செலவழிக்கும் நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3 யூனிட் ஆகும்.

வாசகி, செங்கல்பட்டு: வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டு உரிமையாளர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு எது சிக்கனம்?

பதில்: எரிவாயு. உங்களுக்கு இலவச யூனிட்டும் இல்லை, 2.35 ரூபாய்க் கட்டணப் படியும் இல்லை; முதல் யூனிட்டே வரம்பைத் தாண்டிய விலையில் தொடங்குகிறது. ஒரு சிலிண்டருக்கு ஈடான 135 யூனிட்டுக்கு 1,080 ரூபாய் கொடுக்க வேண்டிவரும். வேறு வீடு பார்க்கும்போது நீங்கள் குடியேறும் வீட்டுக்கென மின்வாரிய இணைப்பு தனியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாடகை நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும் அப்படிப்பட்ட வீடே மொத்தச் செலவில் மலிவாக முடியக்கூடும்.

வாசகி, விழுப்புரம் மாவட்டம்: உஜ்வாலா இணைப்பு வைத்திருக்கிறேன். மகன் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். வாங்கலாமா?

பதில்: ஏழைக் குடும்பப் பெண்களுக்கு மத்திய அரசு வழங்கும் உஜ்வாலா எரிவாயு இணைப்புக்கு, 2025–26 நிதியாண்டில் ஒன்பது சிலிண்டர் வரை, சிலிண்டர் ஒன்றுக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வந்தது. அதைக் கழித்தால் உங்கள் சிலிண்டரின் விலை சென்னைக் கணக்கில் 568.50 ரூபாய், வரம்பு விலை 4.21 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் உங்கள் மொத்த மின்பயன்பாடு நிற்குமானால் 2.35 ரூபாய்ப் படியில் இண்டக்‌ஷன் லாபம்தான். 100 யூனிட்டுக்குள்ளேயே ஓடும் வீடு என்றால் மீதமுள்ள இலவச யூனிட்டுகளில் சமைப்பதற்குச் செலவே இல்லை. 200ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 4.70 ரூபாய் கொடுக்கும்போது சிலிண்டரே மலிவு. எனவே இலவச யூனிட்டும் 2.35 ரூபாய்ப் படியும் தீரும்வரை வெந்நீர் வைக்கவும் காலையில் கஞ்சி காய்ச்சவும் பயன்படுமே தவிர, முழுச் சமையலுக்கு இப்போது அவசியமில்லை. விறகு வாங்கியும் சமைக்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அந்த விறகின் இடத்தை இண்டக்‌ஷன் பிடிக்கட்டும், தயங்காமல் வாங்குங்கள்.

வாசகி, தஞ்சாவூர்: இரண்டு அடுப்பும் வீட்டில் இருக்கின்றன. எந்தச் சமையலை எதில் செய்தால் மிச்சமாகும்? பழைய பாத்திரங்கள் இண்டக்‌ஷனுக்கு உதவுமா?

பதில்: உங்கள் மின்பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டாதவரை கொதிக்க வைக்கும் வேலை அனைத்தையும் இண்டக்‌ஷனுக்குக் கொடுங்கள். ஒரு லிட்டர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இண்டக்‌ஷனில் 0.105 யூனிட் ஆகும், 2.35 ரூபாய்ப் படியில் இருப்பவருக்கு அது 25 காசு, 4.70 ரூபாய்ப் படியில் 49 காசு, 8.40 ரூபாய்ப் படியில் 88 காசு. அதே வேலைக்கு எரிவாயு 11 கிராம் எரியும். அதன் விலை 67 காசு. பால் காய்ச்சுவது, காபிக்கு நீர் வைப்பது, பருப்பு வேகவைப்பது, சோறு வடிப்பது, சாம்பார் கொதிப்பது எல்லாம் இந்த வகைதான்.

தோசையும் சப்பாத்தியும் அப்படியல்ல. இண்டக்‌ஷன் அடுப்பின் உள்ளே இருக்கும் சுருளின் அகலத்துக்குத்தான் சூடு பிறக்கிறது. அகலமான தோசைக்கல்லில் நடுப்பகுதி சிவந்து, ஓரம் வெளுத்தே நிற்கும். ஓரம் வேகட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் மிச்சம் பிடித்தது கரைந்துபோகும். அடி வளைந்த இரும்புச் சட்டி நடுவில் மட்டுமே தொடும் என்பதால் வறுவலுக்கும் பொரியலுக்கும் எரிவாயுதான் வசதி. அப்பளம் சுடவும் கத்தரிக்காய் சுடவும் தீயே வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பாத்திரத்தைச் சோதிக்கக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்று போதும். பாத்திரத்தின் அடியில் அது பிடித்து நின்றால் உதவும். வழுக்கி விழுந்தால் உதவாது. அலுமினிய குக்கர், அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வர் பாத்திரங்களில் சிலவற்றில் காந்தம் பிடிக்கும், சிலவற்றில் பிடிக்காது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவற்றில்கூட இந்த வேறுபாடு இருக்கும். புதிதாக வாங்கும் குக்கரை இண்டக்‌ஷன் அடி உள்ளதாக வாங்கினால் அது எரிவாயு அடுப்பிலும் பயன்படும். எந்தப் பாத்திரமும் ஏற்கும் என்று விற்கப்படும் இன்ஃப்ராரெட் அடுப்பு வேறு வகை. அதில் முதலில் கண்ணாடி சூடாகி, பிறகே பாத்திரம் சூடாகிறது என்பதால் இங்கே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

எரிவாயு அடுப்பிலேயே மிச்சம் பிடிக்கவும் இடம் உண்டு. பர்னரின் துளைகள் அடைத்து மஞ்சள் தீ எரிவது, சின்னக் கிண்ணத்தைப் பெரிய பர்னரில் வைப்பது, பருப்பை ஊறவைக்காமல் போடுவது ஆகியவற்றைத் திருத்தி, 50 சதவீதத்தில் இருக்கும் அடுப்பை 60க்குக் கொண்டுவந்தால் ஆறில் ஒரு பங்கு எரிவாயு மிஞ்சும். அதாவது சிலிண்டருக்கு 145 ரூபாய். இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வாசகர், திருநெல்வேலி: சமையலறையில் மிக்ஸி ஓடும் பிளக்கிலேயே இண்டக்‌ஷன் அடுப்பை மாட்டலாமா?

பதில்: கூடாது. 2,000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கான 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது, கருகிவிடும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கைத் தனி வயர் இழுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அந்தக் கூலியையும் அடுப்பின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள். சமையல் முடிந்ததும் உள்விசிறி ஓடி நிற்கும்வரை பொறுத்து, பிறகு சுவிட்சை அணையுங்கள்.

வாசகர், சேலம்: 60 சதவீதம், 80 சதவீதம் என்பவையெல்லாம் சராசரிகள்தானே? என் வீட்டுக்கான உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. உங்களைப் போலவே ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. உடல் எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தால் போதும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை நிமிர்த்தித் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேல்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், மீதி எத்தனை கிலோ இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு வாரம் முழுக்க எரிவாயுவில் சமைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். அடுத்த வாரம் அதே வகைச் சமையலை இண்டக்‌ஷனில் செய்யுங்கள்; பிளக்கில் மாட்டும் சிறிய யூனிட் மீட்டரை அடுப்புக்கு இடையில் பொருத்தினால் அது எத்தனை யூனிட் இழுத்தது என்று தனியே காட்டும். வீட்டு மீட்டரை மட்டும் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டாரும் கணக்கைக் குழப்பும்.

யூனிட்டை எரிவாயுக் கிலோவால் வகுங்கள். 135 யூனிட்டுக்கு ஒரு சிலிண்டர் என்பது கிலோவுக்கு 9.5 யூனிட் ஆகும். உங்கள் விடை 8 என்று வந்தால் உங்கள் எரிவாயு அடுப்பு அதிகம் வீணாக்குகிறது என்று பொருள்; 114 யூனிட்டே ஒரு சிலிண்டருக்கு ஈடாகிவிடும், வரம்பு 7.60 ரூபாய்க்கு மேல் போகும். 11 என்று வந்தால் எரிவாயுவை நன்றாகப் பயன்படுத்துகிறீர்கள், வரம்பு 5.56 ரூபாயாக இறங்கும், 6.30 ரூபாய்ப் படிகூட உங்களுக்குக் கட்டுபடியாகாது. சிலிண்டர் கொண்டுவருபவருக்கு ஒவ்வொரு முறையும் கையில் ஏதாவது கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சிலிண்டர் விலையோடு கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

வாசகர், கரூர்: ஓய்வுபெற்ற தம்பதியர் நாங்கள். மின்பயன்பாடு குறைவு என்பதால் முழுவதும் இண்டக்‌ஷனுக்கு மாறிவிட்டோம். இரண்டு சிலிண்டர் உள்ள எரிவாயு இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள். மின்தடையின்போது ஒரு வேளைச் சமையலுக்கேனும் அது தேவைப்படும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ஏ.சி. ஓடும் மாதங்களில் உங்கள் கணக்கும் வேளச்சேரி வாசகரின் கணக்கைப் போல மாறக்கூடும். இரண்டாவது சிலிண்டரை மட்டும் வேண்டுமானால் ஒப்படைக்கலாம். அதற்கு முன் இணைப்புப் பெற்றபோது கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் குறிப்பிட்டுள்ள வைப்புத்தொகைதான் திரும்பக் கிடைக்கும். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இணைப்பாக இருந்தால் அது சில நூறு ரூபாயாகவே இருக்கலாம். பிறகு மனம் மாறி மீண்டும் கேட்டால் 2022 ஜூன் முதல் உள்ள விகிதப்படி ஒரு சிலிண்டருக்கு 2,200 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டியிருக்கும்.